உயிர்த்தெழுந்த திருநாளும் நம் புதுவாழ்வும்

(கல்விச் சங்க வெள்ளி விழா ஆண்டின் ஈஸ்டர் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஈஸ்டர் திருநாளையொட்டிக் கூடியுள்ள இக்கூட்டத்தில், 'புதுவாழ்வு' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நாம் போதகர் அல்லோம், பள்ளி ஆசிரியர். ஆகலின் இதனைப் பிரசங்கமாகக் கொள்ளாது பாடமாகவே கொள்க. இம்மன்றத்தில் ஆலயம் செல்வோர் உண்டு. கோயில் செல்வோர் உண்டு. அண்ணல் அம்பேத்கர் காட்டிய பௌத்த நெறியில் நிற்போர் உண்டு. கடவுட் கொள்கையே வேண்டா என்போரும் உண்டு. ஒரே தெருவில் வாழும் நாம் ஒருவர் திருநாளின் உட்பொருளை மற்றவர் அறிந்திருத்தல் நன்று. அதிலும், ஒடுக்கப்பட்ட மக்கள் அறிந்தே ஆகவேண்டிய செய்தி ஒன்று இத்திருநாளில் அடங்கியிருக்கிறது என்பது நம் துணிபு.

முதலில் பருவத்தைப்பற்றிச் சிறிது சிந்திப்போம். நம் முன்னோர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஈஸ்டர் திருநாள் மார்ச் 22ஆம் நாளுக்கும் ஏப்ரல் 25ஆம் நாளுக்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரும். அஃதாவது பங்குனியின் முற்பகுதிக்கும் சித்திரையின் நடுப்பகுதிக்கும் இடையே, பின்பனி விடைபெற்று இளவேனில் அடியெடுத்து வைக்கும் வாயிற்படியில் இத்திருநாள் நிற்கிறது.

குளிர் நாட்டு மக்களுக்கு இப்பருவம் பெரியதொரு விடுதலை. மாதக்கணக்கில் பனி மூடிக் கிடந்த நிலம் கண் திறக்கும், மொட்டை மரங்கள் தளிர்க்கும், பகற்பொழுது நீளும். முற்காலத்தில் தவக்காலத்தின் 40 நாட்களிலும் அந்நாட்டார் முட்டையையும் விலக்கி நோன்பு நோற்றனர். நோன்பு முடிவில் சேர்ந்திருந்த முட்டைகளை வண்ணந்தீட்டிப் பிள்ளைகளுக்கு வழங்கினர். அவ்வழக்கமே இன்று கடைகளில் ஈஸ்டர் முட்டையாக விற்கப்படுகிறது. 'ஈஸ்டர்' என்னும் ஆங்கிலப் பெயரே ஒரு வசந்த கால தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்று 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பீடு என்னும் ஆங்கிலத் துறவி எழுதி வைத்தார்.

நம் நாட்டிலோ நிலைமை வேறு. பங்குனி நமக்குப் பூங்காற்றின் காலம் அன்று. குளம் வற்றும், கிணற்றில் வாளி தரை தட்டும், வயல் வெடிக்கும், கூலி வேலை அருகும். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடிந்து, வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து வந்து கஞ்சி குடித்தவர்களுக்கு அவ்வெயிலின் கடுமை தெரியும். ஆயினும், அன்பர்களே, அந்தக் கடும் வெயிலில் நம் புங்க மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மாசியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்ற மரம், ஒரு துளி மழையுமின்றிப் பங்குனியில் பசும்பொன்னெனத் தளிர்த்து நிற்கும். அரச மரம் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். வேம்பு பூக்கும். மேல்மண் காய்ந்திருக்க, இவற்றிற்கு நீர் எங்கிருந்து வந்தது? ஆழச் சென்ற வேரிலிருந்து வந்தது. மழையை எதிர்பாராமல், வறட்சியின் நடுவிலேயே, ஆழத்திலிருந்து நீரெடுத்துத் துளிர்ப்பதே நம் மண்ணின் இளவேனில். புதுவாழ்வுக்கு இதனினும் பொருத்தமான உவமை நமக்கு வேண்டுமோ?

இனி ஒரு வினா. ஈஸ்டர் என்பது வசந்த விழாத்தானா? இயற்கை துளிர்ப்பதைக் கண்டு மனிதன் மகிழும் மகிழ்ச்சி மட்டுந்தானா? அவ்வாறாயின் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழும் கிறிஸ்தவர்களுக்கு இத்திருநாளே பொருளற்றுப் போகும். ஏனெனில் அந்நாடுகளில் அப்போது இலையுதிர் காலம். அங்கும் அதே மகிழ்ச்சியோடு இத்திருநாள் கொண்டாடப்படுகிறது. ஆகவே இதன் வேர் பருவத்தில் மட்டும் இல்லை; வேறோரிடத்தில் இருக்கிறது.

அவ்வேர் பஸ்கா என்னும் யூதர் திருநாளில் இருக்கிறது. ஆங்கிலமும் செருமானியமும் போன்ற சில மொழிகள் நீங்கலாக, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இத்திருநாளின் பெயரே பஸ்கா என்னும் சொல்லின் திரிபுதான். பஸ்கா எவருடைய விழா? எகிப்து நாட்டில் செங்கல் அறுத்து, சுமை சுமந்து, சவுக்கடிபட்ட அடிமை மக்கள் ஓரிரவில் புறப்பட்டு விடுதலை பெற்றதை நினைவுகூரும் விழா. அவ்விடுதலை மாதத்திற்கு ஆபீப் என்று பெயர். வாற்கோதுமை பசுங்கதிர் விடும் மாதம் என்பது அதன் பொருள். இளவேனிலும் அடிமை விடுதலையும் அன்றே ஒன்றாய் இணைந்தன. அந்தப் பஸ்கா நாட்களில்தான் இயேசு எருசலேமில் கொல்லப்பட்டார். கி.பி. 325இல் நைசியா நகரில் கூடிய பேரவை, எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று உயிர்த்தெழுந்த திருநாளைக் கொண்டாட வேண்டுமென முடிவு செய்தது. மார்ச் 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்னும் கணக்கு பின்னர் நிலைபெற்றது. கிழக்குச் சபைகள் பழைய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்கள் நாள் பெரும்பாலும் வேறுபடும். நைசியாவின் 1700ஆம் ஆண்டாகிய 2025இல் இரு சாராருக்கும் ஏப்ரல் 20 என ஒரே நாளாய் அமைந்தது.

சிலுவை என்பது யாது என்பதையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். இன்று அது கழுத்தில் அணியும் பொன்னணி. அன்று அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரோமப் பேரரசு வைத்திருந்த தண்டனைக் கருவி. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் கிளர்ந்தெழுந்த அடிமைகள் தோற்றபோது, சிறைப்பட்ட 6,000 பேரைக் காப்புவா நகரிலிருந்து உரோமை வரை நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிலுவையில் அறைந்தனர் என்று வரலாறு கூறுகிறது. வலியினும் மிகுதியாக இழிவுபடுத்துவதே அத்தண்டனையின் நோக்கம். தச்சரின் மகனாகிய இயேசுவையும் அவ்வாறே நகர மதிலுக்குப் புறத்தே கொண்டு சென்று, இரு குற்றவாளிகளுக்கு நடுவே அறைந்தனர். ஊருக்கு வெளியே தள்ளப்படுதல் எத்தகையது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருக்கெனச் சொந்தக் கல்லறைகூட இல்லை. அரிமத்தியா ஊர் யோசேப்பு தந்த கல்லறையில் வைத்து, வாயிலைப் பெருங்கல்லால் மூடினர். சுவிசேஷத்தின்படி அரசு முத்திரையும் காவலும் வைத்தனர். வழக்கு முடிந்தது என்பது அந்த முத்திரையின் பொருள்.

மூன்றாம் நாள் அம்முத்திரை செல்லாதாயிற்று என்பதே ஈஸ்டரின் செய்தி. மரம் ஆண்டுதோறும் இலையுதிர்த்து ஆண்டுதோறும் துளிர்க்கிறது, அது சுழற்சி. உயிர்த்தெழுதல் அத்தகைய சுழற்சியைச் சேர்ந்ததன்று. அது ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு. 'இவன் இழிந்தவன், இவன் கதை முடிந்தது' என்று ஆளுநரும் ஆசாரியரும் கூடி எழுதிய தீர்ப்பைக் கடவுள் மாற்றி எழுதினார் என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை. பிறப்பின் பெயரால் நம்மீது எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்று உண்டல்லவா? எழுதிய கை எத்துணைப் பெரிதாயினும் அத்தீர்ப்பு இறுதியானதன்று என்பதைத்தான் இத்திருநாள் நமக்குச் சொல்கிறது.

விதை நெல்லின் கதையை நம் தாய்மார்கள் அறிவர். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, கோணியில் கட்டி, வைக்கோலால் மூடி இருட்டில் வைத்தால், மூன்றாம் நாள் முளை கட்டியிருக்கும். இருட்டில் வைத்தவர்கள் அதனைப் புதைத்துவிட்டதாக எண்ணுவதில்லை. இயேசுவும் பவுலும் விதையையே உவமையாக எடுத்தாண்டனர். நாற்றங்காலில் குனிந்து உழைத்த நம் தாய்மார்களுக்கு இந்த உவமை உரையாசிரியர் எவருமின்றியே விளங்கும்.

அந்த ஞாயிறு விடியற்காலையில் நிகழ்ந்தவற்றைச் சுவிசேஷங்கள் சுருக்கமாகவே கூறுகின்றன. அவற்றுள் நான்கினை மட்டும் நம் வாழ்வோடு பொருத்திக் காண்போம்.

முதலாவது, கல். மகதலேனா மரியாளும் அவளோடு சென்ற பெண்களும் நறுமணப் பொருள்களை எடுத்துக்கொண்டு இருட்டோடு புறப்பட்டனர். கல்லறை வாயிலில் கிடக்கும் கல்லை அகற்றத் தமக்கு வலிமை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வழியெல்லாம் அதுவே அவர்கள் பேச்சு. ஆயினும் கல் அகற்றப்பட்ட பிறகு போவோம் என்று அவர்கள் வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. கல் இருக்கிறது என்று தெரிந்தே நடந்தனர். போய்ச் சேர்ந்தபோது அது புரட்டப்பட்டிருக்கக் கண்டனர். நம் சங்கத்தின் தொடக்கமும் அத்தகையதே. நிலம் இல்லை, நிதி இல்லை, கட்டடம் இல்லை என்பதெல்லாம் தெரிந்தே முதல் மாலை வகுப்பு தொடங்கப்பட்டது. தொடங்கிய பிறகே பாய் வந்தது, பலகை வந்தது, விளக்கு வந்தது.

இரண்டாவது, பெண்கள். அக்காலத்து யூத சமுதாயத்தில் பெண்ணின் சாட்சியத்திற்கு மன்றத்தில் மதிப்புக் குறைவு. அத்தகைய பெண்களிடமே உலகின் தலையாய செய்தி முதன்முதல் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் ஓடிச் சென்று சொன்னபோது சீடர்கள் அதனை வீண்பேச்சென்று தள்ளினர். இறுதியில் மெய்யானது பெண்களின் சொல்லே. 'பெண் பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாம்' என்று நம் வீட்டு ஆடவர் முடிவு செய்யும்போதெல்லாம், 'இவள் இன்னும் படிப்பாள்' என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் எழுந்ததை நாம் பல இல்லங்களில் கேட்டிருக்கிறோம். அந்தக் குரலை வீண்பேச்சென்று தள்ளாதீர்கள்.

மூன்றாவது, பெயர். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மரியாள் உயிர்த்தெழுந்தவரைக் கண்டும் அறிந்துகொள்ளவில்லை; தோட்டத்தில் வேலை செய்பவர் என்று எண்ணினாள். உயிர்த்தெழுந்தவரின் முதல் தோற்றம் ஒரு மண் வேலைக்காரரின் தோற்றம்! அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த நொடியே அவள் அறிந்துகொண்டாள்.

இதனைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வரும். நாங்கள் ஆறாம் வகுப்பில் பயின்றபோது எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர் ஒரே வகுப்பில் இருந்தோம். வகுப்பாசிரியர் ஒருவர் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து மற்ற மாணவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். எங்கள் முறை வந்ததும், 'காலனி வந்திருக்கிறதா?' என்பார். நாங்கள் ஐவரும் ஒருசேர எழுந்து நின்று ஒருசேர அமர்வோம். ஒருவன் வராவிடினும் அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை. ஓராண்டு முழுவதும் எங்களுக்குப் பெயர் இல்லை. மறு ஆண்டு ஓர் அம்மையார் வகுப்பாசிரியராக வந்தார். முதல் நாள் பதிவேட்டைப் புரட்டி, எங்கள் ஐவர் பெயரையும், தந்தையார் பெயரின் முதலெழுத்தோடு, நிறுத்தி நிதானமாகப் படித்தார். எங்களுள் ஒருவன் 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல வாயெடுத்துச் சொல்ல இயலாமல் அழுதுவிட்டான். அந்த அம்மையார் ஏனென்று கேட்கவில்லை. அவன் பெயரை மறுபடியும் ஒருமுறை அழைத்தார். அவ்வளவே. அந்த ஐவரில் மூவர் பள்ளியிறுதித் தேர்வில் தேறினோம். இன்று ஒவ்வொரு சூன் மாதமும் புதிய பதிவேடு எழுதப்படும் நாளில், 'எக்குழந்தையும் தெருவின் பெயரால் அழைக்கப்படலாகாது' என்பதே ஆசிரியர்களுக்கு நாம் கூறும் முதற் சொல். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர், 'காலனி' என்னும் சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்த செய்தியைப் படித்தபோது, அந்த ஐந்து சிறுவர்கள் எம் கண்முன் எழுந்து நின்றனர்.

நான்காவது, தழும்பு. உயிர்த்தெழுந்தவரின் உடல் புத்துடல் என்கின்றனர். ஆயின் அப்புத்துடலிலும் ஆணி பாய்ந்த வடுக்கள் இருந்தன. ஐயுற்ற தோமாவிடம் அவர் அவ்வடுக்களையே காட்டினார். இது நம் இளைஞர்களுக்குரிய பாடம். படித்துப் பட்டம் பெற்று நகரத்தில் பணியமர்ந்த சிலர், ஊரைக் கேட்டால் பேச்சை மாற்றுகின்றனர். பெற்றோர் வந்தால் வாயிலிலேயே பேசி அனுப்பிவிடுகின்றனர். அவர்களை நாம் எளிதில் குறை கூறிவிட மாட்டோம். அவ்வாறு மறைக்கச் செய்யும் உலகமே முதற் குற்றவாளி. ஆயினும் புதுவாழ்வு என்பது வடுவை மறைக்கும் வாழ்வன்று. வடுவைக் கண்டு நாணவேண்டியவர் அதனை உண்டாக்கியவரே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'மரம் தானே துளிர்ப்பதுபோலக் காலம் வந்தால் சமுதாயமும் தானே மாறும். அதுவரை பொறுத்திருத்தல் நன்றன்றோ?' என்று நம்மிடம் பலர் அறிவுரை கூறுவதுண்டு. இவ்வறிவுரைக்கு ஓர் ஈஸ்டர் வாரத்திலேயே விடை கிடைத்தது. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்கள் மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் தலைமையில் அறப்போர் தொடங்கினர். ஈஸ்டருக்குப் புத்தாடை வாங்குதல் அந்நாட்டு வழக்கம். ஆண்டின் பெரிய வணிகக் காலங்களுள் அஃது ஒன்று. தங்களுக்குச் சமவுரிமை தராத கடைகளில் அவ்வாண்டு புத்தாடை வாங்குவதில்லை என அவர்கள் உறுதி பூண்டனர். கிங் வேலைக்காரர் அணியும் முரட்டுத் துணியை அணிந்து ஊர்வலம் சென்றார். ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று, அவர் சிறைப்பட்டார். அந்நகரின் வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மர், 'இது தக்க காலமன்று. பொறுத்திருங்கள்' என்று செய்தித்தாளில் அறிக்கை விடுத்தனர். அந்தச் செய்தித்தாளின் ஓரத்திலேயே அவர் மறுமொழி எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 16ஆம் நாளிட்ட அம்மடல் இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. காலம் தானாக நன்மையைக் கொண்டுவரும் என்பது மயக்கம், மனிதர் முயன்றாலன்றி அது நம் பக்கம் திரும்பாது என்பது அம்மடலின் கருத்துகளுள் ஒன்று.

இடைப்பட்ட ஞாயிறு, ஏப்ரல் 14, ஈஸ்டர். அன்று கறுப்பின மக்கள் சிறு சிறு குழுக்களாக வெள்ளையர் ஆலயங்களுக்கு வழிபடச் சென்றனர். சில ஆலயங்கள் இடந்தந்தன. வேறு சில வாயிலிலேயே திருப்பி அனுப்பின. உயிர்த்தெழுந்த திருநாளிலேயே ஆலயக் கதவு மூடப்பட்டது! மே மாதத் தொடக்கத்தில் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர், சிறைகள் நிறைந்தன. அம்மாதமே கடைகளில் சமவுரிமை வழங்க நகர வணிகர்கள் இசைந்தனர். அவ்வாண்டு ஈஸ்டர் நாளாகிய ஏப்ரல் 14, நம் அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்த நாளும் ஆகும் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

பர்மிங்காம் ஆலயங்களைக் குறை கூறி நாம் நின்றுவிட இயலாது. நம் நாட்டு ஆலயங்களையும் நாம் அறிவோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில், மேல்சாதியார் எனப்பட்டோரும் ஏனையோரும் ஒருவரையொருவர் காணாவண்ணம் இரு கைகளாகப் பிரித்து ஒரு தேவாலயம் கட்டப்பட்டிருந்தது. இடையே சுவர் நின்றது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. தனியிடம் வேண்டுமென்று மேல்சாதியார் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஓர் ஆலயத்துச் சுவர் வீழ்ந்தது. எல்லாச் சுவர்களும் வீழ்ந்துவிடவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சுவர் எழுப்பி, இறந்தோரையும் சாதி பார்த்துப் புதைக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள் இருப்பதை 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்கள் மேம்பாட்டுக்கெனத் தான் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. காலியான கல்லறையைக் கொண்டாடும் மக்கள், நிறைந்த கல்லறைகளுக்கு நடுவே சுவர் எழுப்புவது எத்துணைப் பெரிய முரண்! எழுந்து வரும் நாளென்று ஒன்று வருமாயின், அந்நாளில் அவர்கள் சுவரின் எப்பக்கமாக எழுந்து வருவர்?

இன்னொரு சுவர் சட்டத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தவர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான நம் உறவினர் அப்பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஒரே தெருவில், ஒரே கூரைக்கடியில், அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு வேறொரு சான்றிதழ். அரசுப் பணியிலிருக்கும் நாம் இம்மேடையில் அதுபற்றி வழக்காடுதல் முறையன்று. ஆனால் மதம் மாறினாலும் தெரு மாறவில்லை என்னும் உண்மையைச் சொல்லுதல் நம் கடன். சான்றிதழ் வேறாயினும் நம் சங்கத்தின் உதவித்தொகை இருவருக்கும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. அந்த நெறி என்றும் மாறாதிருப்பதாக.

புதுவாழ்வு எப்படித் தொடங்குகிறது என்பதற்கு நம் தென்பாண்டிப் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மயிலாடியில், ஒடுக்கப்பட்ட சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். இறைவனைத் தேடிச் சிதம்பரம் வரை சென்றவர், தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். அவர் வேண்டுகோளுக்கிணங்க ரிங்கல்தௌபே என்னும் செருமானியத் தொண்டர் 1806இல் மயிலாடி வந்து சேர்ந்தார். பின்னர் அங்கே ஆலயம் எழுந்தது. 1809இல் பள்ளியும் எழுந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்தப் பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. தாழ்த்தப்பட்ட ஒருவரின் தேடல் இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஒரு கல்லூரியாய் நிற்கிறது. புதுவாழ்வு பாடலோடு முடிந்துவிடவில்லை. பலகையும் சுண்ணக்கட்டியுமாய்த் தொடர்ந்தது.

இறுதியாக, இளைஞர்களே, உங்களிடம் சில சொற்கள். பிறர் நம் வாயிலில் வைத்த கற்களைப் பேசினோம். நாமே வைத்துக்கொண்ட கற்களும் உள. மாலை வகுப்பிற்கு வரவேண்டிய கால்கள் மதுக்கடையை நோக்கி நடக்கின்றன. அஃது ஒரு கல். பத்தாம் வகுப்புத் தேர்வில் தவறிய மாணவனை மறுதேர்வு எழுதச் செய்யாமல் வெளியூர் வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். அஃது ஒரு கல். எல்லாவற்றினும் கனமான கல் ஒன்றுண்டு. நம்மினும் கீழ் ஒருவர் உண்டு என்று எண்ணும் எண்ணமே அது. நம் துணியை வெளுத்தவரையும், ஊர்த் தெருவைத் துப்புரவு செய்தவரையும் நாம் எவ்வாறு அழைத்தோம்? அவர்தம் பிள்ளைகள் நம் மாலை வகுப்பில் எந்தப் பாயில் அமர்கின்றனர்? மேலிருந்து வந்த சுவரை இடிக்கக் கேட்கும் நாம், கீழ்நோக்கி ஒரு சுவர் எழுப்புவோமாயின், உயிர்த்தெழுதலைப்பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் ஒவ்வொரு இளைஞரும் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். இடைநின்ற ஒரு பிள்ளையின் வீட்டிற்குச் செல்லுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். பள்ளியில் கொண்டுவந்து சேருங்கள். 'எங்களால் இக்கல்லைப் புரட்ட இயலுமா?' என்று வழியில் பேசிக்கொண்டே போங்கள்; அதில் தவறில்லை. போகாமல் இருப்பதுதான் தவறு. வரும் சூன் மாதத்தில் பதிவேட்டில் அப்பெயர் எழுதப்பட்டு, அப்பிள்ளை 'உள்ளேன்' என்று சொல்லும் நாளே நமக்கு உயிர்த்தெழுந்த திருநாள்.

வெளியே நம் கூட்டத் திடலின் ஓரத்தில் நிற்கும் புங்க மரத்தைப் போகும்போது ஒருமுறை பார்த்துச் செல்லுங்கள். மழை இன்னும் பெய்யவில்லை. அது துளிர்த்துவிட்டது.